பொருள் இரண்டும் அறிவோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதவியல்)

தமிழில் 'பொருள்' என்ற சொல் இரண்டைக் குறிக்கும். சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். மனிதன் ஈட்டும் செல்வமும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள் நம் முன்னோர். நம் பள்ளிக்கூடங்களோ இவ்விரண்டையும் இரண்டு அறைகளில் வைத்துப் பூட்டியிருக்கின்றன. ஓர் அறையில் இலக்கியம். மற்றோர் அறையில் வணிகம். ஓர் அறைக்குள் நுழைந்தவன் மற்ற அறையின் வாசலைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. இது சரிதானா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டு தொடங்கியது. அதுமுதல் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதினைந்து வயதில் நாம் பிரிக்கப்படுகிறோம். மதிப்பெண் மிகுந்தவர் அறிவியல் பிரிவுக்கும், குறைந்தவர் வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவுக்கும் செல்வது எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. அறிவியல் பிரிவில் சேர்ந்தவன் பேரேடு என்ற ஒன்றைத் தன் வாழ்நாளில் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம். வணிகவியல் பிரிவில் சேர்ந்தவனுக்கோ தமிழ் என்பது தேர்ச்சி பெற்றால் போதும் என்கிற பாடம். பத்தாம் வகுப்பிலேயே படிப்பை நிறுத்தியவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒரு கடன் பத்திரத்தை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இலக்கியமும் வணிகமும் ஒன்றுக்கொன்று பகையா? நம் பழைய நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. சங்கப் புலவர்களின் பெயர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைப் பண்ட வாணிகன் இளந்தேவனார் பண்டம் விற்றவர். மணிமேகலை தந்த சாத்தனார் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. பகலில் படியளந்த கைதான் இரவில் காப்பியம் எழுதியது! பட்டினப்பாலை புகார் நகரத்து வணிகரைப் புகழும்போது அவர்களுடைய மாடமாளிகையோடு நிறுத்திக் கொள்ளவில்லை. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதித்து, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்தார்கள் என்று புகழ்கிறது. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் இருக்கின்றன. வரவு சிறிதானாலும் செலவு அதனினும் பெருகாவிட்டால் கேடில்லை என்றும், வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கைம்முதலை இழக்கும் வேலையில் அறிவுடையார் இறங்க மாட்டார் என்றும் வள்ளுவர் சொன்னதைவிடச் சிறந்த வணிகவியல் முன்னுரை வேறென்ன வேண்டும்? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி செய்தது என்ன? அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டி மெய்ப்பித்தாளே, அதற்கு வணிகவியலார் இன்று வைத்திருக்கும் பெயர் தணிக்கை!

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைய தேவைக்காகச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் பெரும்பாலோர் கைவண்டி, பூக்கடை, இட்லிக்கடை வைத்துப் பிழைப்பவர்கள். என் அம்மாவும் இட்லிக்கடைதான் நடத்துகிறார். அவர்களுக்கு முதல் தருவது தண்டல். ரூ. 10,000 தண்டல் என்றால் முதலிலேயே ரூ. 1,500 பிடித்துக்கொண்டு ரூ. 8,500 கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வசூலிக்க வருபவர் சிறிய அட்டையில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். "நூத்துக்குப் பதினஞ்சுதானே, போனால் போகிறது" என்பார் அம்மா. அதே அம்மா, பத்து வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்து, "குடும்பம் உருப்படுமா?" என்று கடிந்துகொள்வார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் கையில் இருக்கும் கடன் ரூ. 8,500. நூறாம் நாள் ஒன்றும் இல்லை. நாள்தோறும் அடைத்துக்கொண்டே வருவதால், சராசரியாக அந்த நூறு நாளும் நம்மிடம் இருந்தது அதில் பாதி, ஏறத்தாழ ரூ. 4,250. இந்தத் தொகைக்குத்தான் நூறு நாளில் ரூ. 1,500 வட்டி கட்டியிருக்கிறோம். நாள்வாரியாகத் துல்லியமாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 120 விழுக்காட்டுக்குக் குறையாது. அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து. அம்மா எந்தப் பத்து வட்டியை வெறுத்தாரோ அதையேதான் பெயர் தெரியாமல் பல ஆண்டுகளாகக் கட்டி வந்திருக்கிறார்! 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சட்டம் இருக்கிறது, அட்டையில் கோடு போடுகிறவரைக் கேள்வி கேட்கும் அறிவு தெருவில் இல்லை. தனிவட்டியும் கூட்டுவட்டியும் பள்ளியில் நடுநிலை வகுப்புகளிலேயே வருகின்றன. ஆனால் அந்தக் கணக்குகளில் தண்டல் அட்டை வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தப்பா, நண்பர் ஒருவர் கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்டார். "வெறும் சாட்சிக் கையெழுத்துதான்" என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். நண்பர் தவணை கட்டாமல் ஊரைவிட்டுப் போன பிறகு அறிவிப்பு இவர் பெயருக்கு வந்தது. அதை வாசித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். அதில் இருந்த சொல் சாட்சி அன்று, 'ஜாமீன்தாரர்'. சாட்சி என்பவன் நடந்ததைக் கண்டவன்; அவ்வளவே. ஜாமீன்தாரன் என்பவன் கடன்பட்டவனோடு ஒக்கப் பொறுப்பேற்றவன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. ஒரு சொல்லுக்கும் மற்றொரு சொல்லுக்கும் உள்ள வேற்றுமை, ஒரு குடும்பத்தின் மூன்றாண்டுச் சம்பாத்தியத்தைக் கொண்டுபோயிற்று.

இங்கே எந்தப் படிப்பு குறைந்தது? மொழிப் படிப்பா, வணிகப் படிப்பா? இரண்டும்தான். சொல்லை நிறுத்தி, அதன் பொருளை ஆராய்ந்து, சொல்லாமல் விட்டது என்ன என்றும் பார்க்கும் பழக்கத்தை இலக்கியம் தருகிறது. அந்தச் சொல்லால் யார் தலையில் எவ்வளவு சுமை ஏறும் என்பதை வணிகம் சொல்கிறது. ஒன்று கண் என்றால் மற்றொன்று விளக்கு. கண் இல்லாதவனுக்கு விளக்கால் பயனில்லை. விளக்கு இல்லாத இருட்டில் கண்ணாலும் பயனில்லை.

இப்போது இவ்விரண்டும் கற்பிக்கப்படும் முறையும் நிறைவளிப்பதாக இல்லை. தமிழ்த் தேர்வில் 'நலம் பாராட்டுக' என்றொரு வினா வரும். திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி என்று தலைப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருப்போம். எந்தப் பாடல் வந்தாலும் அதே விடைதான்! பாடலைப் படிக்காமலே அதன் நலத்தைப் பாராட்டும் ஆற்றலை நாம் பெற்றிருக்கிறோம். கணக்குப்பதிவியல் நூல்களிலோ ஒருவர் ஒரு இலட்சம் ரூபாய் முதலுடன் தொழில் தொடங்குவார். எங்கள் தெருவில் எவரும் முதலுடன் தொழில் தொடங்கிப் பார்த்ததில்லை, கடனுடன்தான் தொடங்குவார்கள். பற்று, வரவு, இருப்பாய்வு எல்லாம் அழகாகப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிய என் நண்பன், தன் தந்தையின் பெட்டிக்கடைக்கு ஒரு நாள்கூடக் கணக்கு எழுதியதில்லை. செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகள் 'ஐந்தொகை' என்று எழுதியதும், பாடநூல் 'இருப்புநிலைக் குறிப்பு' என்பதும் ஒன்றே என்று அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். "ஏற்கெனவே பாடச்சுமை அதிகம், இன்னொன்றா?" என்பர் சிலர். நான் புதிய தேர்வைக் கேட்கவில்லை. தேர்வு வைத்தால் அதற்கும் ஓர் உரைநூல் வந்துவிடும்! "பிள்ளைகளுக்குக் காசுக் கணக்கைக் கற்பித்தால் எதையும் இலாப நட்டமாகவே பார்ப்பார்கள்" என்பர் வேறு சிலர். நியாயமான அச்சம்தான். அதனால்தான் வணிகம் தனியாக வர வேண்டாம், இலக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்கிறேன். புகார் வணிகரின் நேர்மையைப் படித்த மாணவன், தராசைத் தொடும்போது சற்றேனும் தயங்குவான். "இலக்கியம் சோறு போடுமா?" என்று கேட்போருக்கும் ஒரு சொல். சோறு போடாது, உங்கள் சோற்றைப் பிறர் பறிக்கும்போது அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் கூர்மையைத் தரும்.

என் வேண்டுகோள்கள் மூன்றே. முதலாவது, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எல்லா மாணவருக்கும் வாரம் ஒரு பாடவேளை. அதில் வீட்டு வரவு செலவை ஒரு மாதம் எழுதட்டும். இரசீது, கடனுறுதிச் சீட்டு, சீட்டு நிதி, ஜாமீன், தவணை ஆகியவற்றின் உண்மைத் தாள்களைக் கையில் வைத்துப் படிக்கட்டும். இரண்டாவது, மேல்நிலை வகுப்புகளில் எந்தப் பிரிவினராயினும் தமிழ் இலக்கியத்தை மனப்பாடப் பகுதியாக மட்டும் பாராமல், முன்பின் அறியாத ஒரு பாடலையோ பத்தியையோ தாமே படித்துப் பொருள் காணும் பயிற்சி பெறட்டும். மூன்றாவது வேண்டுகோள் அரசுக்கு அன்று, நமக்கு. நம் கல்லூரியில் தமிழ்த்துறையும் வணிகவியல் துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை இரு துறைப் பேராசிரியப் பெருமக்களும் சேர்ந்து ஒரு வகுப்பு நடத்த இசைந்தால், கணிதத்துறை மாணவர்களாகிய நாங்கள் வட்டிக் கணக்குப் போட்டுத் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நம்மைப் படிக்க வைத்தவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது வேலை மட்டுமன்று. வீட்டுக்கு வரும் தாளைப் படித்துச் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பதும் அவர்கள் ஆசை. பட்டம் பெற்று வெளியூர் போகுமுன், நம் தெருவில் ஒரு வீட்டின் தண்டல் அட்டைக்காவது கணக்குப் போட்டுக் காட்டுவோம். கையெழுத்து இடுமுன் ஒருவருக்காவது அந்தத் தாளை முழுவதும் வாசித்துச் சொல்வோம். அதற்கு எந்தப் பாடத்திட்டத்தின் அனுமதியும் தேவையில்லை.