வழி தவறிய எந்திரன்

எந்திரன் என்றவுடன் விண்வெளியும் பெருந்தொழிற்சாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. திண்டிவனம் வட்டாரத்துப் பிரம்மதேசம் போன்ற சிற்றூர்களின் மாணவர், அது தமக்கு எட்டாத துறை என ஒதுங்கிவிடுவதுண்டு. அவ்வாறு ஒதுங்க வேண்டுவதில்லை. எளிய எந்திரன் ஒன்றைத் தாமே உருவாக்கிப் போட்டிக்குச் செல்வோர், பரிசு பெறாவிடினும் பெரும்பயன் பெறுவர் என்பதே என் கருத்து.

தொடக்கநிலைப் போட்டிகளில் பெரிதும் இடம்பெறுவது, வெண்தளத்தில் வரைந்த கருங்கோட்டின் வழியே செல்லும் எந்திரன் ஆகும். அதன் அடிப்பகுதியிலுள்ள உணரிகள் அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். வெண்ணிறம் அக்கதிரை மிகுதியாகத் திருப்பியனுப்பும், கருநிறம் உட்கொள்ளும். இவ்வேறுபாட்டைக் கொண்டே, எந்தச் சக்கரம் விரைய வேண்டும், எது தணிய வேண்டும் என நுண்கட்டுப்படுத்தி முடிவு செய்கிறது. ஆர்டுயினோ போன்றதொரு சிறு மின்பலகை, இரண்டு மோட்டார்கள், அவற்றை இயக்கும் சுற்று, சில உணரிகள், மின்கலம் ஆகியவையே இதற்குப் போதும்.

இவற்றை ஆயத்தத் தொகுப்பாக வாங்கி, பிறர் எழுதிய நிரலை ஏற்றினாலும் எந்திரன் ஓடும், காலமும் மிச்சமாகும். ஆயினும், வகுப்பறையில் செம்மையாக ஓடிய எந்திரன் வெயில் புகும் போட்டி அரங்கில் தடுமாறக்கூடும். கதிரவன் ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. அஃது உணரியைக் குழப்பும். காரணம் அறிந்தவர், உணரிக்கு மறைப்பிட்டு, அளவுகளை மீண்டும் கண்டறிந்து, நிரலைத் திருத்துவார். அறியாதவர் கைபிசைந்து நிற்பார். தொகுப்பை வாங்குவது குற்றமன்று. அதன் உள்ளியக்கத்தை அறியாதிருப்பதே குறை.

தோல்வி வல்லுநர்க்கும் பொதுவானது. ஓட்டுநரின்றித் தாமே செல்லும் ஊர்திகளுக்காக, 2004ஆம் ஆண்டு அமெரிக்கப் பாலைவனத்தில் தார்ப்பா நிறுவனம் ஒரு போட்டியை நடத்தியது. இறுதிச் சுற்றில் கலந்துகொண்ட 15 ஊர்திகளுள் ஒன்றுகூட 12 கிலோமீட்டரைக் கடக்கவில்லை. மறு ஆண்டே, ஐந்து ஊர்திகள் ஏறத்தாழ 212 கிலோமீட்டர் தொலைவை முழுமையாகக் கடந்தன. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது, பிழைகளைக் கண்டறிந்து களைந்த உழைப்பே ஆகும்.

2016ஆம் ஆண்டு முதல் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பள்ளிகளில் அமைக்கப்பட்டு வருகின்றன. கருவிகள் மட்டும் வந்தால் போதாது. மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். யாருடைய எந்திரன் முதலில் வந்தது என்பதோடு, ‘எங்கே பிழைத்தது? எவ்வாறு திருத்தினாய்?’ என்றும் நடுவர் வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடையளிக்கும் மாணவருக்கும் மதிப்பெண் உண்டென்றால், விலையுயர்ந்த கருவி வாங்க இயலாத பள்ளியும் துணிந்து களம் காணும்.

வழி தவறிய எந்திரனை மீண்டும் கோட்டில் நிறுத்தத் தெரிந்த மாணவரே உண்மையில் வென்றவர்.