கூரைக்கு அடியில நின்னு பாருங்க

வீட்டைக் கணக்கெடுக்க வர்றவங்க கேட்கிற முக்கியமான கேள்வி, கூரை எதனால் ஆனது? ஓலையா, ஓடா, கான்கிரீட்டா? கான்கிரீட்னு டிக் விழுந்தா அரசாங்கத்துக்கு அது நல்ல வீடு. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வச்சுத்தான் 2016-ல் பிரதமர் வீடு திட்டத்துக்கு ஆள் எடுத்தாங்க. கூரையோ சுவரோ 'பக்கா'வா இருந்தா பெயர் வடிகட்டப்பட்டது.

இப்போ முதுகுளத்தூர் பக்கத்து பழைய தொகுப்பு வீடுகளுக்குள்ள போய் மேல பாருங்க. பூச்சு உதிர்ந்து, துருப்பிடிச்ச கம்பி தொங்கும். சிவில் படிக்கிறவங்களுக்குக் காரணம் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. நம்ம ஊர் நிலத்தடி நீரோ உப்பு. நல்ல தண்ணியைக் குடிக்கவே தள்ளுவண்டியில குடம் குடமா கொண்டு வர்ற ஊர்ல, காங்கிரீட் கலக்க யார் தருவா? உப்பு உள்ளே போனா கம்பி துருப்பிடிச்சு உப்பும், கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

ஓலைக் குடிசை ஒழுகும், சரி. ஆனா இந்தக் கூரை தலையில விழும். படிவத்தில் இது மேல், அது கீழ்.

2001-க்கு முன்னால அரசு கட்டின 2.5 லட்சம் கிராமத்து வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் தமிழக அரசு தனித் திட்டமே அறிவிக்க வேண்டி வந்தது. அப்போ படிவத்தையும் மாத்தணும் இல்லையா? வாசல்ல நின்னு முகப்பைப் போட்டோ எடுக்கிறதுக்குப் பதிலா, உள்ளே போய் கூரையின் அடிப்பக்கத்தை எடுக்கட்டும். சின்ன சுத்தியலால ரெண்டு தட்டு தட்டட்டும். உள்ளே பொள்ளலா இருந்தா சத்தமே காட்டிக் கொடுத்துடும். ஒரு வீட்டுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.