உதவிக்காக எழுதிய பெயர் ஊருக்குத் தெரியலாமா?

(நமது நிருபர்)

சித்தூர்:

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி தர வேண்டும் என்பதில் இன்று எந்தக் கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சட்டம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. ஆந்திர அரசு ஆசிரியர் பணியிடங்களையும் உருவாக்கியிருக்கிறது. ஆனால் அந்த உதவியைப் பெற வேண்டுமானால், பிள்ளைக்கு என்ன குறை, அது எத்தனை சதவிகிதம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த விவரம் யார் கையில் இருக்கும், யார் கண்ணில் படும் என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை.

நகரி, குப்பம், சத்தியவேடு போன்ற எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏட்டளவிலான பிரச்னை அல்ல. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புவதா, வெறுமையாக விடுவதா என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் படிப்பே மாறிவிடுகிறது.

சட்டம் தருவது என்ன?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. பார்வை, கேட்கும் திறன், மன வளர்ச்சி ஆகியவற்றோடு, எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் அந்தப் பட்டியலில் உண்டு. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைப் பிள்ளையின் விருப்பப்படி முடிவு செய்யலாம். தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவையும் 17-வது பிரிவில் உள்ளன. தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைச் சுமக்கும் தமிழ் வழி மாணவனுக்கு இந்த விலக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைச் சுப்ரீம் கோர்ட்டு 2021 அக்டோபரில் வகுத்தது. பல மாநிலங்கள் மெத்தனமாக இருந்ததால், பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி 2025 மார்ச் 7-ந் தேதி மீண்டும் உத்தரவிட்டது. அதை அடுத்து ஆந்திர அரசு 2025 ஏப்ரலில் 2,260 சிறப்புக் கல்வி ஆசிரியர் பணியிடங்களை அனுமதித்தது. அதுவரை இந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக இருந்தவர்கள் பெரும்பாலும் 'பவிதா' மையங்களில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவர்களே.

மறைப்பது ஏன்?

சட்டம் இவ்வளவு தந்தும் பெற்றோர் தயங்குவதற்குக் காரணம் அறியாமை மட்டும் அல்ல. நகரிப் பக்கத்தில் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் ஐந்தாம் வகுப்பு. புத்திசாலிதான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. அவனுக்கு மூத்தவள் ஒரு பெண், கலியாண வயதில் இருக்கிறாள். தம்பிக்கு 'மூளைக் கோளாறு' என்று ஊரில் பேச்சு எழுந்தால், பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று தாய் அஞ்சுகிறாள். ஆகவே கட்டம் வெறுமையாக விடப்படுகிறது. பையன் 'மக்கு' என்ற பட்டத்தோடு வகுப்புக்கு வகுப்பு நகர்ந்து, பத்தாம் வகுப்புத் தேர்வில் எந்தச் சலுகையும் இல்லாமல் உட்கார்ந்து தோற்கிறான்.

அந்தத் தாயைக் குறை கூறிப் பயன் இல்லை. எழுதிக் கொடுத்தது நாலு சுவருக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையை யாரும் அவளுக்குத் தரவில்லை. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் காதுகேளாதோர் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அங்கே எல்லோரும் ஒரே நிலையில் இருப்பவர்கள். சங்கடம் எழுவது, நாற்பது பிள்ளைகள் நடுவே ஒருவன் மட்டும் தனித்துத் தெரியும் சாதாரணப் பள்ளியில்தான்.

எத்தனை ஏடுகள்!

ஒரு பிள்ளையின் குறைபாடு இன்று எத்தனை இடங்களில் பதிவாகிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். பள்ளிப் பதிவேடு ஒன்று. 2022-23 முதல் மத்திய அரசின் 'யுடைஸ் பிளஸ்' கணக்கெடுப்பு மாணவர் வாரியாகவே விவரம் கேட்கிறது. குறைபாட்டின் வகையும் அதில் அடக்கம். ஆந்திராவில் உதவித்தொகைக்கு 'சதரம்' சான்றிதழ் வேண்டும். அகில இந்திய அளவில் தனி அடையாள அட்டை உண்டு. இவற்றோடு, 'அபார்' என்ற 12 இலக்க மாணவர் எண்ணும் வந்திருக்கிறது. அது கட்டாயம் அல்ல, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது விதி.

இந்த ஏடுகள் கசியாது என்று யாரும் உறுதி கூற முடியாது. நான்கு அரசு இணையதளங்களின் வழியாகச் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரிந்தன என்று 2017 மே மாதம் ஓர் ஆய்வு அறிக்கை கூறியது. அந்த நான்கில் இரண்டு ஆந்திர அரசுடையவை. 'தீக்ஷா' கல்விச் செயலியில் சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரம் பாதுகாப்பின்றிக் கிடந்தது 2023 ஜனவரியில் அம்பலமாயிற்று.

கம்ப்யூட்டரை விட அருகில் இருப்பது கிராமச் செயலகத்தின் சுவர். 2020 ஜனவரி 9-ந் தேதி சித்தூரில் 'அம்ம ஒடி' திட்டம் தொடங்கப்பட்டது. அந்த ஆட்சிக் காலத்தில் நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியலைச் செயலகங்களில் ஒட்டுவது முறையாக இருந்தது. போலிகளைத் தடுக்க ஊரே பார்க்கட்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் உடற்குறையின் வகையும் எழுதப்பட்டால், அது கணக்குச் சோதனை அல்ல, பறை அறைவது ஆகும்.

மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024 ஜூலை முதல் மாதம் 6,000 ரூபாய். இவ்வளவு பணம் போகும் இடத்தில் சோதனை கூடாது என்று யாரும் வாதாட முடியாது. டாக்டரும் தணிக்கை அதிகாரியும் பார்க்கட்டும். தெருவில் போகிறவர் பார்த்து எந்தப் போலியைக் கண்டுபிடிக்கப் போகிறார்?

காவல் எங்கே?

மாற்றுத்திறனாளிகளின் உடல்நல, மறுவாழ்வு விவரங்களை மற்றவர்களுடையதைப் போலவே அந்தரங்கமாகக் காக்க வேண்டும் என்பது ஐ.நா. உடன்படிக்கையின் 22-வது ஷரத்து. இந்தியா 2007-லேயே அதை ஏற்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பளித்தனர். ஆதார் இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2018 செப்டம்பர் தீர்ப்பு. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்று 2016 சட்டத்தின் 92-வது பிரிவு சொல்கிறது.

2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் தேவை என்கிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பகுதிகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. அது மட்டும் அல்ல. மானியம், சான்றிதழ், நலத்திட்டம் ஆகியவற்றுக்காக அரசு தனியே சம்மதம் கேட்காமலும் விவரத்தைப் பயன்படுத்த அதே சட்டம் வழிவிடுகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் வேலி தாழ்வாக இருக்கிறது.

அமெரிக்காவில் 1974-ல் மாணவர் ஏடுகளின் அந்தரங்கத்துக்கு ஒரு சட்டமும், அடுத்த ஆண்டே சிறப்புக் கல்விக்கு ஒரு சட்டமும் வந்தன. ஏட்டைப் பார்க்கவும், தவறைத் திருத்தக் கேட்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. உதவியையும் காவலையும் அவர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்துகொண்டார்கள். இங்கே உதவி முன்னே போக, காவல் பின்னே நடந்து வருகிறது.

எந்த மொழியில் சோதனை?

எல்லைத் தமிழருக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையைத் தெலுங்கில் சோதித்தால், தெலுங்கு வராததை அறிவுக் குறை என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்த புத்தியினர் வகுப்பில் தள்ளினார்கள். தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அப்படி இல்லை என்று தெரிந்தது. 1970-ல் அந்த வழக்கு சமரசமாக முடிந்தது. தவறாக ஒட்டிய முத்திரையை ஏட்டிலிருந்து அழிக்க உரிமை இல்லாவிட்டால், அது பள்ளி முடியும்வரை பிள்ளையை விடாது.

செய்யக் கூடியவை

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சான்றிதழ் தலைமை ஆசிரியரின் பூட்டிய பீரோவில் இருக்க வேண்டும்; அதைப் பார்க்கச் சிறப்பு ஆசிரியருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் மட்டுமே அனுமதி. அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸப் குழுவிலும் பெயர்ப் பட்டியல் கூடாது, எண்ணிக்கை போதும். உபகரணம் வழங்கும் விழாவில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் படம் எடுக்கக் கூடாது. சம்மதப் படிவம் தமிழ் வழிப் பள்ளிகளில் தமிழில் இருக்க வேண்டும். எதற்காக, யாருக்கு என்பது அதில் இருக்க வேண்டும். அதன் நகல் பெற்றோரிடம் தரப்பட வேண்டும். சோதனை தாய்மொழியில் நடக்க வேண்டும்.

ரெயில் பெட்டியில் பெயரும் வயதும் போட்ட ரிசர்வேஷன் பட்டியல் ஒட்டுவதைப் பெரிய நிலையங்களில் 2018 மார்ச்சில் நிறுத்தினார்கள். காகிதச் சிக்கனம்தான் காரணம். ஆனாலும் பட்டியல் இல்லாததால் யாருக்கும் இடம் பறிபோகவில்லை. பரிசோதகர் கையில் இருந்த விவரமே போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கும் அது பொருந்தும். பிள்ளையின் குறை தெரிய வேண்டியது கற்பிப்பவருக்கு. அதற்கு மேல் போகாது என்ற உறுதி கிடைத்தால், நகரித் தாய் அந்தக் கட்டத்தைத் தானே நிரப்புவாள். புதிய ஆசிரியர்களுக்கு வேலையும் அப்போதுதான் உண்மையில் தொடங்கும்.