முதற்பொருள் மறந்த பூந்தோட்டம்

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக அமைந்துள்ளன என்பதைத் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று அப்பெயர்களை நிறுத்தாமல் ஒப்பிக்கும் ஆற்றல் பெற்றோரும் உளர். நன்று. ஆயின், ஒப்பித்து முடித்த மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, வேலியோரம் செந்நிறக் கொத்துகளாகப் பூத்து நிற்கும் செடி யாது என்று வினவினால் அவர் விழிப்பார். மலாய்மொழியில் ‘ஜெஜாரும்’ என்பார். ஆங்கிலத்தில் ‘இக்சோரா’ என்பார். வீட்டில் பாட்டி இருந்தால் ‘இட்லிப்பூ’ என்று கேட்ட நினைவும் இருக்கலாம். அது வெட்சி என்று மட்டும் சொல்லமாட்டார். ஆநிரை கவரச் செல்லும் மறவர் சூடும் பூ யாது என்ற வினாவுக்குத் தேர்வுத்தாளில் சரியான விடை எழுதி முழு மதிப்பெண் பெற்றவரும் அவரேயாக இருப்பார்!

குறை மாணவருடையதன்று. அவருக்கு அதனைக் காட்டுவார் இல்லை. காட்டவேண்டிய பெற்றோரின் முற்றத்திலும் ஆசிரியரின் முற்றத்திலும் வெட்சி இல்லை. இருந்தாலும் பெயரின்றி நிற்கின்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வாசல்களில் பூச்செடியே கிடையாது என்று யாரும் கூறிவிட முடியாது. செடிகள் உள. பணங்கொடுத்து வாங்கப்படுகின்றன, வாடுகின்றன, மீண்டும் வாங்கப்படுகின்றன. எந்தச் செடியை, எந்த நிலத்தில், எதன்பொருட்டு வைப்பது என்னும் எண்ணந்தான் இல்லாமற் போயிற்று.

சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் பூச்செடிக் கடைகளுக்குச் சென்று காண்க. மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகச் செவ்வந்தித் தொட்டிகள் கண்ணைப் பறிக்கும். கேமரன் மலையைப் போன்று ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில், இரவுக் குளிரில், மழை நேரே படாத கூரையின்கீழ் வளரும் செடி அது. பகல் குறுகி இரவு நீளும் காலத்தில் மொட்டு வைப்பது அதன் இயல்பு. ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே உள்ள இந்நாட்டில், நாற்றுப் பருவத்திலேயே பூத்துவிடாதிருக்க இரவில் மின்விளக்கு ஏற்றி அதனை வளர்க்கின்றனர். அத்துணைக் காவலில் வளர்ந்த ஒன்றைக் கிள்ளானிலோ ஜொகூர் பாருவிலோ, நண்பகல் 32 பாகையும் நள்ளிரவு 24 பாகையும் காயும் வாசலில் வைத்துவிட்டு, இரு வாரங்களில் அது கருகியதும், “நமக்குக் கைராசி இல்லை” என்று சலித்துக்கொள்வோர் எத்துணைப் பேர்! கைராசி என்ன செய்யும்? ரோசாவின் கதையும் ஏறக்குறைய அதுவே. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் சமவெளியில் அதன் இலைகளில் கரும்புள்ளி நோய் விழுவது இயல்பு. அதனோடு போராட மனமும் நேரமும் உள்ளவர் வளர்க்கட்டும். முதன்முதலாகச் செடி வைப்பவர்க்கு ரோசாவைக் கொடுப்பது, அரிச்சுவடி படிப்பவர் கையில் யாப்பருங்கலத்தைக் கொடுப்பது போன்றதாகும்.

தமிழ் கற்பிப்போர்க்கு இங்கே சொல்லத்தக்கது ஒன்றுண்டு. இலக்கண நூலார் முதற்பொருள் என்று வகுத்தவை நிலமும் பொழுதும் ஆகிய இரண்டே. மரமும் பூவும் புள்ளும் கருப்பொருள். முதற்பொருளை அறிந்த பின்னரே கருப்பொருள் வரும். இம்முறைவைப்பைப் பாட்டுக்கு மட்டும் உரியதென்று கருதிப் புத்தகத்தை மூடிவிடுவதால் வரும் கேடுதான் மேலே கண்டது. கடைக்குச் செல்வோர் கருப்பொருளை முதலில் வாங்குகின்றனர். நிலத்தையும் பொழுதையும் பின்னர்த் தேடுகின்றனர். வாசல் கிழக்கு நோக்கியதா மேற்கு நோக்கியதா, வெயில் எத்தனை மணி நேரம் விழுகின்றது, மண் களியா மணலா, வீடு கட்டியவர் விட்டுச்சென்ற சிமெண்டுக் கழிவா என்று பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரை மாநிலங்களில் நவம்பர் முதல் சனவரி வரை எப்படிக் கொட்டும் என்பதையும், அது ஓய்ந்தபின் வரும் வறண்ட வாரங்களில் எது பூக்கும் என்பதையும் எண்ணுவதில்லை.

இதற்கு நேரெதிராகத் தவறு செய்வோரும் உளர். அவர்கள் தமிழ்ப்பற்று மிக்கவர்கள். தமிழர் வீட்டில் தமிழ்ப் பூக்கள் மட்டுமே மலரவேண்டும், அயல்நாட்டுப் பூக்கள் ஆகா என்பது அவர்கள் கொள்கை. கேட்பதற்கு இனியதுதான். ஆயின், பூசைக்கும் மாலைக்கும் அவர்களே வாங்கும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோ நாட்டுச் செடி என்பதை அவர்கள் அறியார் போலும். காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்தது. மலேசியா 1960ஆம் ஆண்டில் தேசிய மலராக அறிவித்த செம்பருத்தியும் இம்மண்ணிலே தோன்றியதன்று, வந்தேறியதுதான். மேலும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவில் பூக்கும் குறிஞ்சியைக் கிள்ளான் சமவெளியில் வைக்க எண்ணுவோர், செவ்வந்தித் தொட்டி வாங்கியவரைக் காட்டிலும் எவ்வகையில் அறிவில் மிக்கார்? இருவரும் முதற்பொருளை மறந்தவரே.

தொல்காப்பியர் இவ்வளவு கடுமை காட்டவில்லை. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் அந்நிலத்தோடும் பொழுதோடும் இயைந்து வாராவிடினும், அவை வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்று அகத்திணையியலில் அவர் விதி வகுத்துள்ளார். இந்நாட்டுத் தமிழர் இவ்விதியை இகழ்வது பொருந்துமா? கியூ தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு 22 இரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர்ப் பெருகிய அம்மரத்தின் அடியில் வேலை செய்யக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களே இங்குள்ள தமிழருட் பெரும்பாலோர். மரமும் வந்தது, மக்களும் வந்தனர். இன்று மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்றாலே இரப்பர்க்காடும் செம்பனைக் காடும் நினைவுக்கு வருகின்றனவேயன்றிப் பூந்தோட்டம் நினைவுக்கு வருவதில்லை! சிங்கப்பூர் 1981ஆம் ஆண்டில் தேசிய மலராக ஏற்ற வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட், 1893ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட கலப்பினச் செடி. ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மேனிய மரபுப் பெண்மணியின் தோட்டத்தில் தோன்றியது. வேற்றினம் என்று அதனை எவரும் தள்ளவில்லை.

எனவே, பூவின் பிறப்பிடத்தை ஆராய்வதைவிட, அது வாசலில் வாழுமா, வாழ்ந்தால் அவ்வீட்டார் அதனைப் பெயர்சொல்லி அழைத்துப் பயன்கொள்வரா என்று ஆராய்வதே தக்கது. அவ்வாறு ஆராய்ந்தால் முதலிடம் பெறுவன மல்லிகையும் முல்லையும். முல்லைத்திணைக்குரிய சிறுபொழுது மாலை என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஏன் மாலை என்று கேட்டால், நூலில் அப்படி உள்ளது என்பர். முல்லைக்கொடி ஒன்று வீட்டு வேலியில் இருந்தால், காலையில் இறுகிக் கிடந்த மொட்டுகள் அந்திப்பொழுதில் நெகிழ்ந்து மணம் பரப்புவதை அவர்களே காண்பர். தலைவியின் காத்திருப்புக்கு அப்பொழுது ஏன் வந்தது என்பதைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. மல்லிகைக்கு வேண்டியது அரைநாள் வெயிலும் நீர் தேங்காத மண்ணுமே. நிழலில் வைத்தால் இலையாகவே ஓடும். ஒருமுறை பூத்து முடிந்ததும் நுனிகளைக் கத்தரித்துவிட வேண்டும். புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் அடுத்த மொட்டு. செடியை வெட்ட மனம் வராமல் இரக்கப்படுவோர் வீட்டு மல்லிகை பூப்பதில்லை. மல்லிகைப் புதருக்குப் பாம்பு வரும் என்று அஞ்சுவோர்க்கும் ஒரு சொல்: பாம்பு மணத்தை நாடி வருவதில்லை, வீட்டைச் சுற்றிக் குவிந்த பழம்பொருள்களிடையே திரியும் எலியை நாடியே வரும்.

மதுரை மல்லி 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அது வானூர்தியில் பறந்து வந்து பிரிக்பீல்ட்சிலும் சிராங்கூன் சாலையிலும் முழக்கணக்கில் விற்கப்படுகின்றது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அது வேண்டியதே. அன்றாடம் படத்துக்குச் சாத்தும் நான்கு பூவுக்கும் கடல்கடந்து வரும் பூவையே எதிர்பார்ப்பது எதற்கு? மலாய்க்காரர் இதே செடியை ‘மெலோர்’ என்று பெயரிட்டு வீட்டு முன்றிலில் வளர்க்கின்றனர். இம்மண்ணில் அது வாழும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சங்குப்பூவோ விதை போட்டவர் மறந்தாலும் முளைக்கும் கொடி. குறிஞ்சிப்பாட்டில் கருவிளை என்று வருவது இதுவே. அவரை இனத்தைச் சார்ந்ததாகையால் மண்ணுக்கும் உரமூட்டும். கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுவது இப்பூவின் சாறு. இலக்கியச் சொல்லும் அண்டை வீட்டு உணவும் ஒரே கொடியில் சந்திக்கும் இத்தகைய பாடத்தை எந்தப் பாடநூல் தரும்? இடம் அகலமாக உள்ளோர் பவழமல்லி வைக்கலாம். இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். செம்பருத்தியை ஒரு சாண் போத்து ஒடித்து நட்டாலே போதும். காகிதப்பூவுக்கு வேண்டியது சோறிட்டு வளர்க்கும் அன்பன்று. முழுவெயிலும் சிறிது பட்டினியும். நாள்தோறும் நீரூற்றுவோர் இலையைக் காண்பர். தொட்டி மண் காய்ந்தபின் ஊற்றுவோர் பூவைக் காண்பர். காந்தளும் அரளியும் அழகியவைதாம். ஆயினும் காந்தட்கிழங்கும் அரளியின் எல்லா உறுப்புகளும் நஞ்சு. சிறுபிள்ளைகள் திரியும் முற்றத்திலும் தொடக்கப்பள்ளியிலும் அவற்றை வைத்தல் தகாது. இலக்கியப் பெருமை கருதி இதனை மறைப்பதும் தகாது.

“அடுக்குமாடி வீட்டில் இருக்கின்றோம், எங்களுக்கு ஏது முன்றில்?” என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை உண்டு. சிங்கப்பூர்வாசிகளுட் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்ககங்களில் வாழ்கின்றனர். ஆயினும், நடைவழியை மறிக்காத இரண்டு தொட்டிகளுக்கு இடமில்லாத வீடு அரிது. நான்கு மணி வெயில் விழும் பக்கமாயின் மல்லிகை. வெயிலே இல்லையாயின் பூச்செடி வேண்டா என்று துணிந்து சொல்லிவிடலாம். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏழெட்டு நாளில் ஏடிஸ் கொசு பிறந்துவிடும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரிலும் அதிகாரிகள் வீடுதோறும் வந்து பார்க்கின்றனர். அடித்தட்டையே எடுத்துவிடுதல் எளிது. ஆம்பல் வளர்க்கும் நீர்த்தொட்டியாயின் சிறுமீன் இரண்டு விட்டால் புழுக்களை அவை தின்றுவிடும்.

“நேரமில்லை” என்பதோ மறுப்பாகவே கொள்ளத்தக்கதன்று. தோட்டப்புறத்து லயன் வீடுகளில் வாழ்ந்த பெண்கள் விடியுமுன் பெரட்டுக்கு ஓடினர். பால் மரம் வெட்டினர். வீடு திரும்பிச் சமைத்தனர். அவர்கள் வேலியிலும் முல்லை படர்ந்திருந்தது. அரிசி களைந்த நீரே அதற்கு எரு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், விற்கப்பட்டு வீடமைப்புத் தாமான்களாக மாறியும் அக்குடும்பங்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தபோது கட்டிலும் அலமாரியும் லாரியில் ஏறின. முல்லைப்பதியன் ஏறவில்லை. அதனை எடுத்துவர ஒரு பழைய பால்மாவு டின் போதுமாயிருந்தது. பேரப்பிள்ளைகள் முல்லையைப் பாடநூலில் படமாகக் காணும் நிலை அன்றே தொடங்கியது.

இனித் தமிழாசிரியர்கள் கூறுவது: பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, பூச்செடி வளர்ப்பது அறிவியல் ஆசிரியர் வேலை. பாடத்திட்டத்தின் சுமையை மறுப்பார் இல்லை. ஆனால் வெட்சி, நொச்சி, தும்பை என்னும் சொற்களைப் பொருள் விளங்கக் கற்பிப்பது யார் வேலை? அறிவியல் ஆசிரியர் இக்சோராவைக் காட்டுவார்; அதனை வெட்சியாக்கும் கடமை தமிழாசிரியர் ஒருவரையே சாரும். நொச்சியைப் போத்து நட்டு வேலியாக்கலாம். மதில் காக்கும் மறவர் சூடிய பூ வேலியாக நிற்பதைக் காணும் மாணவர்க்குத் திணை விளக்கம் எத்துணை எளிதாகும்! தும்பையோ வளர்க்கவே வேண்டியதில்லை. வெறுநிலத்தில் அவ்வினம் களையாக முளைக்கின்றது. புல்வெட்டும் நாளுக்கு முன்பாக மாணவரை அங்கு அழைத்துச் சென்றால் போதும். அனிச்சம் இன்னதென்று அறுதியிட்டுக் கூற அறிஞர்க்கே இயலவில்லை. அதனையும் மாணவரிடம் ஒளிவின்றிச் சொல்லலாம். மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் வெட்சி நிற்கும் வேலிகள் பலவாக இருத்தல் கூடும். பெயர்ப்பலகை நட்ட வேலிகள் எத்தனை?

அவ்வேலிகளும் நன்னிலையில் இல்லை. வெட்சி புளிப்புமண் விரும்பும் செடி. சுவரையொட்டி நடப்பட்டதில் சிமெண்டுச் சுண்ணம் மழையில் கரைந்து மண்ணில் இறங்கினால், அச்செடிக்கு இரும்புச்சத்துக் கிட்டாது. நரம்பு பச்சையாகவே இருக்க, இலை மஞ்சளாகும். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பதால் பயனில்லை. சுவரிலிருந்து ஓரடி தள்ளி நட்டு, மட்கிய இலைக்குப்பையை அடியில் இடவேண்டும். மற்றொன்று, மாதந்தோறும் வெட்டுக்கருவியுடன் வரும் பணியாளர் வேலியைச் செங்கல் அடுக்கியது போலச் சமமாக வெட்டிச் செல்கின்றார். வெட்சிக்கு மொட்டு தளிர்நுனியில் வருவது. அவர் வெட்டியெறியும் குப்பையோடு அடுத்த மாதத்துப் பூவும் போகின்றது. வேலியின் ஒரு பக்கத்தையேனும் இரு மாதங்களுக்கு வெட்டாமல் விடும்படி தலைமையாசிரியர் அவரிடம் ஒரு சொல் சொல்லலாம்.