ஏக்கருக்கு வருஷம் 2,000 ரூபாய்தான்! ஆர்கானிக் மானியம் விவசாயிக்கு எவ்வளவு கைகொடுக்குது?

சூப்பர் மார்க்கெட்ல 'ஆர்கானிக்'னு ஒட்டின அரிசிப் பாக்கெட்டை எடுத்து, விலையைப் பார்த்துட்டு திரும்ப வெச்சிருப்போம். 'அதான் கவர்ன்மென்ட் மானியம் கொடுக்குதே, அப்புறம் ஏன் இவ்ளோ விலை?'ன்னு கேள்வியும் வரும். நியாயமான கேள்விதான். அந்த மானியம் எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று பிரித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

மாசத்துக்கு 170 ரூபாய்

இயற்கை விவசாயத்துக்கு மாறுபவர்களுக்காக மத்திய அரசு 2015-ல் தொடங்கிய திட்டம், 'பரம்பராகத் க்ருஷி விகாஸ் யோஜனா'. அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். தொடக்கத்தில் ஹெக்டேருக்கு 3 வருடங்களுக்கும் சேர்த்து 50,000 ரூபாய் என்று இருந்தது, பிறகு 31,500 ரூபாயாகக் குறைந்தது. அதில் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது 15,000 ரூபாய், இயற்கை இடுபொருள்களுக்கானது. மீதி பயிற்சி, சான்றிதழ், பேக்கிங், மார்க்கெட்டிங் செலவுகளுக்குப் போய்விடும்.

ஒரு ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு வருஷத்துக்கு சுமார் 2,000 ரூபாய். மாசத்துக்கு 170 ரூபாய்! நம்மில் பலரோட மொபைல் ரீசார்ஜே இதைவிட அதிகம்.

லேபிள் வரும்போது மானியம் முடியும்

ரசாயன உரத்துக்குப் பழகின மண் ஒரே போகத்துல மாறிடாது. ஆரம்ப வருடங்களில் பல பயிர்களில் விளைச்சல் குறையும். களையெடுக்கும் கூலி ஏறும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா தயாரிக்கும் வேலை தனி.

சரி, விலையாவது கூடுதலா கிடைக்குமா? அதுவும் உடனே இல்லை. விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்க்கும் 'பிஜிஎஸ்' சான்றிதழ் முறையில், மாறும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு 'பிஜிஎஸ் கிரீன்' முத்திரைதான். அந்தக் காலம் முடிந்த பிறகே 'பிஜிஎஸ் ஆர்கானிக்'. முழு லேபிள் கைக்கு வந்து, இனிதான் சந்தையைப் பிடிக்கணும்ங்கிற நேரத்துல மானியம் முடிஞ்சுடுது.

யூரியாவுக்குக் கெடு இல்லை

45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரியும் வேம்புப் பூச்சுக் கட்டணமும் சேர்க்காமல், 242 ரூபாய். இந்த விலைக்குக் காரணம் மானியம். 2024-25 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1.64 லட்சம் கோடி ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை விவசாய இயக்கத்துக்கு மொத்தமே 2,481 கோடி.

உர மானியத்தை நிறுத்தணும்னு யாரும் சொல்ல முடியாது. சிறு விவசாயியும் நம் அரிசி விலையும் அதை நம்பித்தான் இருக்கு. ஆனா, அந்த மானியத்துக்கு 3 வருஷக் கெடு கிடையாது. மூட்டை வாங்கும் ஒவ்வொரு முறையும் உண்டு. அப்படியிருக்க, மாறச் சொன்னா எந்த விவசாயி துணிவார்?

சிக்கிம் எப்படி மாறியது?

சிக்கிம் அரசு 2003-ல் முடிவெடுத்து, ரசாயன உர மானியத்தைப் படிப்படியாக நிறுத்தியது. 2016-ல்தான் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 75,000 ஹெக்டேருக்கே 13 வருடங்கள்! அங்கே ரசாயன உரப் பயன்பாடு முன்பே குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

தமிழ்நாடும் 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அது வயலில் பலிக்க ரெண்டு விஷயம் முக்கியம். மாறும் வருடங்களின் விளைச்சல் இழப்புக்கு ஈடு வேண்டும். லேபிள் கிடைத்த பிறகு சத்துணவுக் கூடம், அரசு மருத்துவமனை, விடுதி என நிலையான கொள்முதல் வேண்டும். வாங்க ஆள் உறுதியா இருந்தா, மானியம் முடிஞ்சாலும் விவசாயி தாக்குப்பிடிப்பார்.

நம்ம பங்குக்கு? அடுத்த முறை பாக்கெட்டை எடுக்கும்போது 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கான்னு பாருங்க. வெறும் 'நேச்சுரல்' என்ற வார்த்தைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, சான்றிதழுக்காக மூணு வருஷம் காத்திருந்த விவசாயிக்குப் போய்ச் சேரும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.