பேர் எங்கட, விலாசம் ஆரிட்ட?

டொமைன், நேம்சேர்வர் எல்லாம் ஐரி பிள்ளையளின்ர வேலை எண்டு நாங்களும் நினைச்சம். கூடக் காசு கேட்ட பதிவு நிறுவனத்தை விட்டு எங்கள் டொமைனை வேறொன்றுக்கு மாற்றத் தொடங்கினோம். நேம்சேர்வரைப் பிறகு பாப்பம் எண்டு விட்டம். மாற்றம் நிலுவையில் இருக்கையில் அதில் கைவைக்க ஏலாது. மாற்றம் முடிந்த கையோடு பழைய நிறுவனம் தன் இலவச டிஎன்எஸ்ஸை நிறுத்தியது. தளம் போச்சு, கட்டுரைகள் வருகிற மின்னஞ்சலும் போச்சு. புது நேம்சேர்வரைக் கொடுத்த பிறகும் சிலருக்கு 2 நாள் தளம் திறக்கவில்லை.

பிழை எங்கட எண்டால் பாதியைத்தான் ஒத்துக்கொள்ளுவம். வெளியேறும் கோட்டைத் தந்தவைக்கு, ‘டிஎன்எஸ் பதிவுகள் உங்களோட வராது’ எண்டு ஒரு வரி எழுத ஏலாதா? போறவனுக்குச் சொல்லி என்ன லாபம் எண்ட கணக்குத்தானே!

ஆகவே, முதலில் எல்லாப் பதிவுகளையும், முக்கியமாக மின்னஞ்சலுக்கான எம்எக்ஸை, புது இடத்தில் எழுதுங்கோ. டிஎன்எஸ்செக் இருந்தால் கழட்டுங்கோ. பிறகு நேம்சேர்வரை மாற்றி 2, 3 நாள் பொறுங்கோ. டொமைனை அதுக்குப் பிறகு நகர்த்தினால் போதும். அது 5 நாள் இழுத்தாலும் தளம் நிற்காது.