யாருக்காகக் கதவைத் தட்டுகிறார் கவுன்சிலர்?

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் மாநிலத்தை ஆளும் கட்சிகளின் நடவடிக்கை அறைகள் முதலில் தேடுவது மாவட்ட மன்றக் கவுன்சிலரைத்தான். வேட்பாளருக்குத் தொகுதி தெரியும். எந்த மண்பாதையில் மழை நாளில் கார் ஏறாது, தோட்டத்தை விட்டுப் போன எந்தக் குடும்பத்தின் பெயர் இன்னும் பழைய முகவரியிலேயே கிடக்கிறது, ஃபெல்டா நிலக் குடியேற்றத்தில் எந்தப் பெரியவர் சொன்னால் நாலு வீடு கேட்கும் என்பதெல்லாம் கவுன்சிலருக்குத்தான் தெரியும். எஸ்கோட், காத்தோயாங், பேராங், சிலிம் ரிவர், துரோலாக் என்று சிதறிக் கிடக்கும் இந்த வட்டாரத்தில் அவரில்லாமல் வீடு வீடாகப் போக முடியாது.

2022 நவம்பர் 19-ஆம் தேதி தஞ்சோங் மாலிம் நாடாளுமன்றத் தொகுதிக்கும், அதற்குள் அடங்கிய சுங்காய், சிலிம், பேராங் சட்டமன்றத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்களிப்பு நடந்தது. பரப்புரைக்குக் கிடைத்தது 14 நாள். அதுவும் அடைமழைக் காலம். வாக்களிக்கும் வயது 18 ஆகி, தானியங்கிப் பதிவும் நடைமுறைக்கு வந்தபின் நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. 2018-இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 11 லட்சமாக உயர்ந்தது. கவுன்சிலர் தூக்கி வளர்த்த பிள்ளைகளின் பெயர்களெல்லாம் பட்டியலில் வந்து நின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் வேலையில் இருந்தார்கள். வீட்டில் இருந்தது அம்மாவும் பாட்டியும்தான்.

வீடு வீடாகப் போவது என்பது கும்பிட்டு, கைகுலுக்கி, துண்டறிக்கை கொடுப்பதோடு முடிவதில்லை. கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும். கட்சிக்காரர்கள் ‘சூலா’ என்று சொல்லும் கணக்கெடுப்பு அதில் நடக்கும். நமக்குப் போடுபவர் வெள்ளை, போடமாட்டார் என்றால் கருப்பு, இன்னும் மனம் தெரியவில்லை என்றால் சாம்பல். பேச்சு முடிந்து வாசலைத் தாண்டியதும் பெயருக்கு நேரே குறி விழும். வாக்களிப்பு மையத்தில் ‘சாலுரான்’ எனப்படும் வாக்களிப்பு அறைகள் வயது வாரியாகப் பிரிக்கப்படுவதால், முதியவர்கள் எப்படிப் போட்டார்கள், இளைஞர்கள் எப்படிப் போட்டார்கள் என்று முடிவு வந்த இரவே ஓரளவு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். கவுன்சிலர் வைத்த குறி சரியா தப்பா என்பது அப்போது தெரிந்துவிடும்.

தோட்டத்துக்குப் போவதற்கு நேரம் பார்க்க வேண்டும். விடியும் முன்பே மரம் வெட்டவும் குலை தள்ளவும் போனவர்கள் பிற்பகலில் திரும்பி, குளித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்வரை வாசலில் நிற்பது முறையல்ல. மாலை ஐந்து மணிக்குமேல், கோயில் மணி அடிப்பதற்குள் எவ்வளவு வீடு முடியுமோ அவ்வளவுதான். புரோட்டோன் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களின் வீட்டுக்கு அந்தக் கணக்கும் உதவாது. பல லயங்களில் இன்று பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாக்கில்லை. பக்கத்து வீட்டில் இந்த மண்ணிலேயே பிறந்து, இன்னும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர் இருப்பார். அவருக்கும் வாக்கில்லை. அந்த வாசலைத் தாண்டிப் போகாமல் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் கவுன்சிலரைத்தான் தோட்டம் மதிக்கும்.

அப்படி உட்காரும்போது என்ன பேச்சு வருகிறது?

“தம்பி, ஓட்டு கெடக்கட்டும். இந்த லோங்காங்க வந்து பாரு. மழ பேஞ்சா தண்ணி அடுப்படி வரைக்கும் வருது.” “கோயில் முக்குல லாம்பு எரியல. ராத்திரி வேல முடிஞ்சு பொம்பளப் புள்ளைங்க இருட்டுல நடந்து வருது.” “குப்ப லோரி போன வாரமும் வரல.” நாடாளுமன்றத்தில் யார் பெரும்பான்மை, யார் பிரதமர் என்ற பேச்சும் வராமல் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் கால்வாய் வரும், விளக்கு வரும், குப்பை வரும், தெருநாய் வரும், கடை உரிமம் வரும். இவையெல்லாம் மாவட்ட மன்றத்தின் வேலை. வாசலில் நிற்கும் கவுன்சிலரின் வேலை.

அந்தக் கவுன்சிலருக்குத்தான் யாரும் வாக்களிக்க முடியாது. அவர் கேட்கும் வாக்கு இன்னொருவருக்கு. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு மன்றத்தில் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்களை மாநில அரசு நியமிக்கும். பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. உள்ளாட்சித் தேர்தல் தொடர்பான சட்டங்கள் இனிச் செல்லாது என்கிறது 15-ஆவது பிரிவு. நடைமுறையில் மாநிலத்தை ஆளும் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பேராக்கில் 2008, 2009, 2018, 2020 என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. மேலே ஆட்சி மாறும்போது கீழே கவுன்சிலர் நாற்காலியும் ஆட்டம் காணும். தெருவுக்கு ஒழுங்காக வேலை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் அப்போது ஒரே கதிதான்.

சிலிம் சட்டமன்றத் தொகுதியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2020 ஜூலையில் அத்தொகுதியின் உறுப்பினர் காலமானார். ஆகஸ்ட் 29-ஆம் தேதி, கோவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவே இடைத்தேர்தல் நடந்தது. மூன்று பேர் போட்டியிட்டார்கள். தேசிய முன்னணி வேட்பாளர் 13,060 வாக்குகள் பெற்று 10,945 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சுயேச்சையாக நின்ற தமிழர் ஒருவருக்கு 276 வாக்கு கிடைத்தது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்தது. அதே ஊரில் ஒரு கவுன்சிலர் இடம் காலியானால் வேட்பு மனுவும் இல்லை, வாக்குப் பெட்டியும் இல்லை. ஒரு நியமனக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலாயாவில் முதன்முதலாக வாக்குச் சீட்டு வந்ததே உள்ளாட்சிக்குத்தான். 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். அதே 1952-இல் வந்த உள்ளூர் மன்றச் சட்டம், அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களும் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வழி திறந்தது. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி, நகர மன்றத்தை வாக்குப் பலத்தால் கைப்பற்றி நடத்தியது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொல்லப்பட்டது. உள்ளாட்சி எப்படி நடக்கிறது என்று ஆராய, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அதே ஆண்டு அரச விசாரணை ஆணையம் அமைந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே உள்ளாட்சியை நடத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. தமிழர் ஒருவர் தலைமையேற்று எழுதிய அந்த அறிக்கையை இந்நாட்டுத் தமிழ்ச் சமூகமே இன்று மறந்துவிட்டது.

தஞ்சோங் மாலிமுக்கு இதில் தனிப்பட்ட ஒரு நினைவும் உண்டு. 1952 மார்ச் 25-ஆம் தேதி, அறுக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் செப்பனிடப் போன குழுவைக் கம்யூனிஸ்டுகள் வழிமறித்துச் சுட்டார்கள். துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் கோட்னர் உட்பட 12 பேர் மாண்டார்கள். உயர் ஆணையர் டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊருக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். பிறகு வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுதாமல், தெரிந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். தாள்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூருக்குப் போயின. கோலாலம்பூர் மக்கள் தங்கள் நகரசபைக்கு வாக்களித்த சில வாரங்களிலேயே, தஞ்சோங் மாலிமின் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசு வந்து கேள்வி கேட்டது. பதில் சொல்லும் கடமை மட்டும் மக்களுக்கு இருந்தது. கேட்பவரை மாற்றும் உரிமை இல்லை. எழுபதாண்டு கழித்து ஊரடங்கும் அச்சமும் போய்விட்டன. அந்த உரிமை மட்டும் உள்ளாட்சியில் இன்னும் வந்து சேரவில்லை.

வாசலில் நின்று பேசுவதற்கு எவ்வளவு பலம் உண்டு என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்துச் சோதித்தார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்களிப்பை நன்றாகவே கூட்டியது. கடிதம் கொஞ்சம் உதவியது. தொலைபேசி அழைப்பு உதவவில்லை. ஆனால் ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 2018-இல் 49 கள ஆய்வுகளைத் தொகுத்தபோது வேறொன்று தெரிந்தது. அமெரிக்கப் பொதுத்தேர்தலில் எந்த வேட்பாளருக்குப் போடுவது என்ற முடிவைப் பரப்புரைத் தொடர்புகள் சராசரியாக மாற்றுவதே இல்லை. கதவு தட்டினால் ஆள் வாக்களிக்க வருவார், மனம் மாறுவது கடினம். அப்படியானால் அந்தப் பேச்சால் கவுன்சிலருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் காதில் விழும் குறைகள்தான். அவை எங்கே போகின்றன? சாம்பல், வெள்ளை, கருப்பு என்ற குறிகள் கட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. கால்வாயும் விளக்கும் அவருடைய நினைவில் மட்டும் நிற்கின்றன. மறந்துவிட்டாலும் அவரை யாரும் வாக்கால் கேட்க முடியாது.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் குறை பெரிய நட்டம். தோட்டம் தனியார் நிலம், உள்ளே அரசாங்கப் பணம் போட முடியாது என்று பல தலைமுறையாகக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். குடியிருப்பும் தண்ணீரும் முதலாளியின் பொறுப்பு என்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் சொன்னது. மாவட்ட மன்றமோ வெளி எல்லையோடு நின்றுகொண்டது. தோட்டம் துண்டாகி விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டமாக மாறும்போது மன்றம்தான் திட்டமிடல் அதிகார அமைப்பு. எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, பழைய கோயிலும் தமிழ்ப்பள்ளியும் என்ன ஆகும் என்ற முடிவுகளில் அதன் கை இருக்கும். 2023-இல் தஞ்சோங் மாலிமுக்கு அறிவிக்கப்பட்ட வாகன உயர் தொழில்நுட்பப் பள்ளத்தாக்குத் திட்டம் இந்த வட்டாரத்தின் நிலத்தையும் வாடகையையும் வேலையையும் மாற்றப் போகிறது. மன்றத்தின் திட்டமிடல் மேசையில் உட்காரும் உறுப்பினர்களை, அதன் விளைவை அனுபவிக்கப் போகிறவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் இனப்பூசல் வரும் என்பது அடிக்கடி எழும் எதிர்ப்பு. நகரம் ஒரு இனத்துக்கு, கிராமம் ஒரு இனத்துக்கு என்று பிளவுபடும் என்கிறார்கள். 1969 மே 13 இனக்கலவரம் வரை பேச்சு போகிறது. அந்தக் கலவரம் நடந்தபோது உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டு நான்காண்டு ஆகியிருந்தது. தவிர, இன்று கவுன்சிலர் இடங்களைக் கட்சிகள் பங்கு போடும்போது இனக்கணக்கு இல்லாமலா போகிறது? துரோலாக் ஃபெல்டாவில் வாக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் ஒரு தமிழ்க் கவுன்சிலருக்கும், எஸ்கோட்டில் கேட்க வேண்டிய கட்டாயம் ஒரு மலாய்க் கவுன்சிலருக்கும் வந்தால் இரண்டு வாசலுக்கும் நன்மைதான். செலவைக் காட்டுபவர்களும் உண்டு. தேர்தல் குற்றச் சட்டத்தில் நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 லட்சம் ரிங்கிட், சட்டமன்ற வேட்பாளருக்கு 1 லட்சம் ரிங்கிட் என்று செலவு வரம்பு உள்ளது. அதே பிரிவில் உள்ளாட்சி வேட்பாளருக்கு 10,000 ரிங்கிட், சிறிய உள்ளூர் மன்றத்துக்கு 3,000 ரிங்கிட் என்ற வரம்பும் இன்னும் எழுதப்பட்டே இருக்கிறது. சிறு தொகையில் நடக்கக்கூடிய தேர்தல் இது.

தேர்தலைத் தள்ளிப்போட்ட ஊர்கள் வேறும் உண்டு. தமிழ்நாட்டில் 2016-இல் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. இலங்கையில் 2023-இல் நடக்க வேண்டியது, உச்ச நீதிமன்றம் உரிமை மீறல் என்று தீர்ப்பளித்த பிறகு, 2025 மே 6-ஆம் தேதி நடந்தது. தாமதம் அங்கே தவறாகப் பார்க்கப்பட்டது. மலேசியாவில் அறுபதாண்டுத் தாமதம் வழக்கமாகிவிட்டது. பினாங்கு அரசு 2012-இல் தானே சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. எனவே சாவி நாடாளுமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.

15-ஆவது பிரிவைத் திருத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை. அதுவரை பேராக் மாநில அரசு சும்மா இருக்க வேண்டியதில்லை. சமூகத்தின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தத் தக்கவர்களை நியமிக்கலாம் என்று அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு இடம் தருகிறது. தோட்டத்திலும் ஃபெல்டாவிலும் புதுக்கிராமத்திலும் கூட்டம் போட்டு, ஊர் பரிந்துரைக்கும் பெயர்களிலிருந்து நியமிக்க அந்தப் பிரிவே போதும். ஒவ்வொரு கவுன்சிலரின் மண்டலத்தையும், அவர் வாசல்களில் கேட்டுவந்த குறைகளையும், அவற்றில் தீர்ந்தவற்றையும் ஆண்டுக்கொரு முறை மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மூன்றாண்டு முடிந்ததும் மறுநியமனம் அந்தப் பட்டியலைப் பார்த்தே நடக்கட்டும். அடுத்த தேர்தலில் வேட்பாளரை அழைத்துக்கொண்டு கவுன்சிலர் வரும்போது, கால்வாயைப் பற்றி அவரிடம் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா என்று பக்கத்தில் நிற்கும் வேட்பாளரிடமும் கேட்டு, அவர் சொல்லும் பதிலை வாக்காளர்களும் தங்கள் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.